குதிரை ஏட்டின் கடைசிப் பக்கம்

தில்லிக்காரர்கள் ராஜாக்களின் மானியத்தை நிறுத்திய அதே மாதத்தில்தான் எல்லையில் சண்டையும் வந்தது. விளக்கேற்றக் கூடாதென்று தமுக்கடித்துச் சொன்னார்கள். விமானச் சத்தத்தில் எங்கள் ஊர் ஒட்டகங்கள் வேலியை முறித்துக்கொண்டு ஓடின. சில திரும்பவே இல்லை. அந்தக் குளிர் விட்டு ஹோலி வந்தபோது என் குதிரை ரத்னி குட்டி போட்டாள்.

என் பெயர் ஈஸர்தான். சாரண் குலம். பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் ராஜாக்களின் வம்சத்தை வாயாலேயே சொன்னவர்கள். நான் குதிரைகளின் வம்சத்தைச் சொல்லுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. என் அக்கா சாயரின் புருஷன் கேத்தானுக்கும் தெரியாது. அவர் சாந்தல்கட் அரண்மனை லாயத்தில் தலைமைக் குதிரைக்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதுவதும், வந்ததைப் படித்துக் காட்டுவதும் எங்கள் ஊரில் தானியக் கடையோடு தபாலையும் கவனித்த மூல்சந்த் சேட். அந்தப் பக்கம் அரண்மனைக் கணக்கர் பண்டாரி. எந்தக் கடிதமும் ஒரு காதுக்கு மட்டும் போய்ச் சேராது. கம்பு வாங்க வந்தவனும் நின்று கேட்பான். அந்த வருஷத்துக் கடிதங்கள் ஒரு சொல் விடாமல் என்னிடம் இருக்கின்றன. காகிதமாக இல்லை.

*ஹோலி கழிந்த வாரம். நான் அனுப்பியது.*

மாதாஜி துணை. அத்தான் கேத்தான் அவர்களுக்கு ஈஸர்தான் வணக்கம். இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி? அக்காவுக்குக் கண் எரிச்சல் விட்டதா?

ரத்னி ஆண் குட்டி போட்டிருக்கிறாள். தகப்பன் உங்கள் லாயத்து மோர்முகுட். போன வருஷம் நீங்களே கயிறு பிடித்துச் சேர்த்தீர்கள். செம்பழுப்பு நிறம். நாலு காலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை. பஞ்சகல்யாணி. காது இரண்டும் இப்போதே நுனியில் தொட்டுக்கொள்கின்றன. பவன் என்று கூப்பிடுகிறேன். சுழிகளை மட்டும் எழுதமாட்டேன். சேட் கடையில் ஆள் நிற்கிறது, கண் படும்.

அப்பா வளர்த்த இரண்டு குதிரைகளில் நல்லதான கேசரியை அக்காவுக்குச் சீராகக் கொடுத்தார். மிச்சமிருந்ததை எனக்கு வைத்தார். கேசரி வயிற்றுக் குட்டிகள் மூன்று அரண்மனைக் குதிரை ஏட்டில் படமாக ஏறிவிட்டன. மூன்று படத்திலும் கயிறு பிடித்து நிற்பவர் நீங்கள். ரத்னி வயிற்றுக் குட்டி ஒன்றுகூட ஏறவில்லை. இந்த வருஷத்தோடு லாயத்தைக் கலைக்கிறார்களாம். ஏட்டை பம்பாயில் அச்சடித்துப் புத்தகமாகப் போடுகிறார்களாம். கடைசிப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறதாம். அதற்கு ஓவியர் வரும்போது ஒரு வரி சொல்லியனுப்புங்கள், குட்டியோடு வந்து நிற்கிறேன். இனி எனக்கு வேறு பக்கம் கிடையாது.

அக்காவை அனுப்பிவையுங்கள். குட்டி நெற்றியில் வெல்லம் தடவ அத்தை வர வேண்டும். பெரியவர்களுக்கு என் கும்பிடு.

*இதற்குப் பதில் உடனே வந்தது.*

மாதாஜி அருள். மைத்துனன் ஈஸர்தானுக்கு கேத்தான் ஆசி. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மச்சான், குட்டி போட்டது ரத்னியா, நீயா? உன் கடிதத்தைப் படிக்கும்போதே பண்டாரிக்கு மூச்சு வாங்கியது.

சந்தோஷம். கேசரியும் போட்டிருக்கிறாள், உனக்கு நாலைந்து நாள் முன்னால். அதுவும் ஆண், அதுவும் மோர்முகுட் வித்து, அதுவும் பஞ்சகல்யாணி. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் உனக்கே அடையாளம் தெரியாது. கடைசிப் பக்கம் யாருக்கு என்பது ராஜா சாகேப் சொல்ல வேண்டியது. நான் கயிறு பிடிக்கிறவன்.

சாயரைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். நெய் அனுப்பியிருக்கிறேன், நீயே சாப்பிடு, குட்டிக்கு ஊற்றிவிடாதே.

அக்கா வந்தாள். பிறந்த குட்டியின் நெற்றிக்கும் கழுத்துக்கும் துணி கட்டி மறைத்து வைப்பது எங்கள் வழக்கம். ஆள் கண்ணில் சுழி படக் கூடாது. என் மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். ஆகவே துணியை அவிழ்த்துப் பார்த்தவர்கள் நானும் அக்காவும் மட்டும். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தொண்டைக் குழியில் தேவமணிச் சுழி. அது நல்ல குதிரைகளுக்கு உண்டு. அதற்குக் கீழே கடுகளவில் இன்னொன்று, இடது பக்கமாகச் சுற்றியது. அது எந்தக் குதிரைக்கும் நாங்கள் பார்த்ததில்லை.

“டேய் ஈஸர், அப்பா வாயால சொல்வாரே, அந்தச் சுழிடா இது. அவரே கண்ணால பாத்ததில்ல.”

“உங்க வீட்டுக் குட்டிக்கு எப்படி?” என்றேன்.

“அதுக்கென்ன, இருக்கு” என்று சொல்லிவிட்டு வெல்லத்தைத் தடவினாள். குட்டி அவள் விரலைச் சப்பியது. என் விரலை அது அதுவரை சப்பியதில்லை.

*அட்சய திருதியைக்கு மறுநாள். நான் அனுப்பியது.*

மாதாஜி துணை. அத்தானுக்கு வணக்கம். இங்கே சுகம், வெயில் மட்டும் தாங்கவில்லை. அக்கா சுகமாக வந்து சேர்ந்தாளா என்று ஒரு வரி எழுதவில்லையே நீங்கள்.

பவன் தாயை முந்திக்கொண்டு ஓடுகிறான். அவன் கழுத்தை வைத்துக்கொள்ளும் அழகை வந்து பார்க்க வேண்டும். உங்கள் கேசரி குட்டி எப்படி ஓடுகிறது? காது தொட்டதா? நெஞ்சு அகலமாக இருக்குமே, கேசரி வம்சமாயிற்றே. சுழி எல்லாம் எப்படி? நான் பொறாமையில் கேட்பதாக சேட் சிரிக்கிறார். அதையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஓவியர் நூருதீன் உஸ்தா எப்போது வருகிறார்?

பதில் இல்லை.

*ஆடி மாதம், முதல் மேகம் வந்து ஏமாற்றிப் போன பிறகு. நான் அனுப்பியது.*

மாதாஜி துணை. அத்தானுக்கு வணக்கம். சுளுக்கு உங்கள் நாக்கிலா, பண்டாரி கையிலா? யாருக்கென்று தெரிந்தால் எண்ணெய் அனுப்புகிறேன். ஓவியர் எப்போது வருகிறார் என்று கேட்டிருந்தேன். திரும்பக் கேட்கிறேன். அக்காவுக்கு என் அன்பு.

*ஆவணி பிறந்து வந்தது. கேத்தான்.*

மாதாஜி அருள். மைத்துனனுக்கு ஆசி. இங்கே எல்லாரும் சுகம். மழை உங்கள் பக்கமும் இல்லை என்று கேள்விப்பட்டேன். புல் விலை ஏறிவிட்டது. லாயத்துக் கூரையில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, சரி செய்ய ஆள் இல்லை. மானியம் நின்ற பிறகு பதினோரு குதிரைக்காரர்களில் நாங்கள் நாலு பேர்தான் மிச்சம். நாங்கள் குடியிருக்கும் இந்த லாயத்து இரண்டு அறையாவது இருக்கட்டும் என்று சாயர் மாதாஜிக்கு விளக்குப் போடுகிறாள்.

குட்டி எப்படி என்று கேட்டிருந்தாய். சுகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சேட் இதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஓவியரப் பத்தி ஒண்ணுமே இல்லையே ஈஸர்தான், ஒருவேள மறந்திருப்பாரு” என்றார். என் அத்தான் குதிரையின் பல் ஒன்று விழுந்த தேதியைக்கூட மறக்காதவர்.

*ராம்தேவ்ரா திருவிழா முடிந்து. நான் அனுப்பியது.*

மாதாஜி துணை. கேத்தான் அவர்களுக்கு ஈஸர்தான் எழுதுவது.

திருவிழாவில் உங்கள் ஊர் வளையல்காரியைப் பார்த்தேன். நூருதீன் உஸ்தா ஆனி மாதமே வந்து, உங்கள் லாயத்தில் தங்கி, உங்கள் வீட்டு ரொட்டி தின்று, படத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கேட்டது ஆடியில். நீங்கள் பதில் போட்டது ஆவணியில்.

கேசரி குட்டி ஏறட்டும். நாலாவது தடவையும் ஏறட்டும். ராஜாவே அதைத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் குட்டியையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பக்கத்தில் நிறுத்தினால் அடையாளம் தெரியாது என்று எழுதினீர்களே. அதற்குத்தான் பயமா?

அப்பா எனக்குக் கொடுக்காததை நீங்கள் தருவீர்கள் என்று நினைத்தது என் புத்தி. சேட், அக்காவுக்கு அன்பு என்று எழுதி முடியுங்கள்.

(சேட் அந்தக் கடைசி வரியையும் அப்படியே எழுதிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.)

*புரட்டாசியில் அக்காவிடமிருந்து வந்தது. ஆஸ்பத்திரி நர்சம்மா எழுதிக்கொடுத்தாளாம்.*

தம்பி ஈஸருக்கு சாயர் எழுதிக்கொள்வது. நீ சுகமா? இருமல் இருக்கிறதா? அதிமதுரம் போட்டுக் குடி. உன் கடிதத்தைப் பண்டாரி லாயத்து முற்றத்தில் நின்று படித்தார். எல்லாரும் கேட்டார்கள். இவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ராத்திரி சாப்பிடவில்லை.

பம்பாயிலிருந்து கடைசிப் பக்கத்தை மாதிரிக்கு அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்று கிடைத்தது. இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்பு என்று இவர் சொல்லவில்லை. அனுப்பாதே என்றும் சொல்லவில்லை.

குட்டிக்கு என் முத்தம்.

கடையில் நின்றவர்கள் எல்லாரும் படத்தை எட்டிப் பார்த்து அழகு என்றார்கள். அழகுதான். செம்பழுப்புக் குட்டி, வெள்ளைக் கால்கள், பக்கத்தில் சிவப்புத் தலைப்பாகையோடு என் அத்தான். அகன்ற நெஞ்சு, கேசரி வயிற்றுப் பிள்ளைதான், சந்தேகமில்லை.

குதிரை ஏட்டில் ஒரு முறை உண்டு. உடம்பை ஓவியர் கண்ணால் பார்த்து வரைவார். சுழியை மட்டும் அவர் பார்த்து வரையக் கூடாது. குட்டியை வளர்த்தவன் மாதாஜியைக் கும்பிட்டு வாயால் சொல்ல வேண்டும். அவன் சொன்ன இடத்தில் ஓவியர் பொன் பொட்டு வைப்பார். எழுத்து தெரியாத எனக்கும் அந்தப் பொட்டுகளைப் படிக்கத் தெரியும். நெற்றியில் ஒன்று. தொண்டையில் ஒன்று. அதற்குக் கீழே கடுகளவில் இன்னொன்று, இடது பக்கமாக ஒரு வால் இழுத்து.

உடம்பு அவர் குட்டி. சுழி என் குட்டி.

அத்தான் பவனைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. படத்தை மடித்து வைத்துக்கொண்டேன். சேட் பதில் எழுதத் தாளை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

*நவராத்திரிக்கு முந்தின வாரம். கேத்தான்.*

மாதாஜி அருள். மைத்துனனுக்கு ஆசி. இங்கே சுகம், அங்கே சுகமா?

ஏட்டில் ஏறிய குட்டிக்குத் தசரா அன்று ராஜா சாகேப் கையால் ஒவ்வொரு சுழியிலும் குங்குமம் வைக்க வேண்டும், உனக்குத் தெரியும். இந்த வருஷம் பம்பாய்ப் புத்தகக்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். லாயத்தில் இதுதான் கடைசிப் பூஜை. நீ வர வேண்டும். வரும்போது உன் குட்டியையும் பிடித்துக்கொண்டு வா. நடக்கப் பழகட்டும். இரவில் ஊருக்குள் வந்தால் வெயில் இருக்காது.

வேறு விசேஷம் இல்லை. வா, மச்சான்.

சேட் முகம் மலர்ந்துபோய், “பாத்தியா, கூப்ட்டுட்டாரு. ராஜா கண்ணுல ஒன் குட்டியும் படட்டும்னு கூப்புடுறாரு” என்றார். கடையில் இருந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள்.

எனக்குப் புரிந்தது. ராஜா விரலால் தொடப்போகிற இடத்தில் சுழி இருக்க வேண்டும். கேசரி குட்டிக்கு அங்கே இல்லை. பொய்ச் சுழி சொன்னவன் என்று தெரிந்தால் அத்தான் அன்றைக்கே லாயத்துக்கு வெளியே. அந்த இரண்டு அறையும் போகும், அக்காவும் வெளியே நிற்பாள். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் போதும். போனால் என் பவன் ஆயுசுக்கும் கேத்தான் குட்டி. உட்காரத்தான் ஆசை. பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் அந்த ஆசையோடு நன்றாகத் தூங்கினேன்.

*நான் அனுப்பிய பதில்.*

மாதாஜி துணை. அத்தானுக்கு வணக்கம். படம் பார்த்தேன். பொட்டுகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன. அவ்வளவு சரியாகச் சொல்ல யாராலும் முடியாது.

குட்டி வரும். உங்களுக்காக இல்லை. அக்காவிடம் நான் வருவதாகச் சொல்லுங்கள். என்ன சமைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

ஊர் அடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தேன். அக்கா கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் வைத்திருந்தாள். குனிந்தபடியே பரிமாறினாள். லாயத்தில் கேசரி குட்டி நின்றது. அதன் நெஞ்சிலிருந்த துணியை அவிழ்த்தேன். இருதயத்துக்கு நேர் மேலே சுழி. அந்தச் சுழியுள்ள குதிரையில் ஏறினவன் வீடு திரும்பமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். அதை யாரும் ஏட்டில் ஏற்றமாட்டார்கள், விலை கொடுத்து வாங்கவும் மாட்டார்கள்.

“ஏன் அத்தான், இதுக்கு ஒரு நல்ல சுழியா நீங்களே கட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா? என்னோடதத்தான் எடுக்கணுமா?”

அவர் பவனுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். “இல்லாத சுழிய மாதாஜி முன்னாடி எப்படிடா சொல்றது? உசுரோட இருக்கற ஏதாவது ஒரு குட்டிக்கு அது இருக்கணும்ல.”

“இருக்கறது என் குட்டிக்கு.”

“நெஜமா இருக்கறதத்தானே சொன்னேன்” என்றார். வெட்கமா, சமாதானமா தெரியவில்லை. யார் அவருக்குச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அக்கா வாசற்படியில் தீவனத் தட்டோடு நின்றாள். தட்டில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மேளம் அடித்ததும் கேத்தான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் சிவப்புத் தலைப்பாகையோடு கயிற்றைப் பிடித்து நடந்தார். பவன் நடக்கவில்லை. காலை ஊன்றி, தலையைத் திருப்பி என் பக்கமே இழுத்தான். கூட்டம் சிரித்தது. அத்தான் எல்லாருக்கும் கேட்கிறாற்போல, “டேய், கொஞ்சம் வந்து புடிடா” என்றார், லாயத்து ஆளைக் கூப்பிடுவதுபோல. போய்ப் பிடித்தேன். நடந்தான்.

ராஜா நெற்றியில் குங்குமம் வைத்தார். தொண்டையில் வைத்தார். கீழே இருந்த சின்னச் சுழிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துத் தடவினார். பம்பாய்க்காரர்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். “கேத்தான், என் அப்பா காலத்திலகூட இப்படி ஒண்ணு இந்த லாயத்தில பொறக்கல” என்று சொல்லித் தன் சால்வையை எடுத்து அவருக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “நீ யாரு?” என்றார்.

அத்தானின் கை கயிற்றில் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

“இவருக்கு மைத்துனன், ராஜா சாகேப். ஒத்தாசைக்கு வந்தேன்.”

அன்று இரவே கேசரி குட்டியின் நெஞ்சுக்குத் துணி கட்டி ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். பவன் கனைத்தது ஊர் எல்லை வரை கேட்டது.

*கார்த்திகையில் அக்காவிடமிருந்து. நர்சம்மா எழுத்து.*

தம்பி ஈஸருக்கு சாயர் எழுதிக்கொள்வது. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளியை உதறிப் போட்டுக்கொள். இவருக்கு முழங்கால் வலி அப்படியே. லாயத்தைக் கலைத்துவிட்டார்கள். குட்டியை ராஜா இவரிடமே விட்டுவிட்டார். இரண்டு அறையும் எங்களுக்கே என்று சொல்லிவிட்டார்.

நீ போன பிறகு குட்டி தண்ணீர் குடிக்கவில்லை. இவர் வாளியைக் கொண்டுபோனால் உதைத்தது. பிறகு ஒரு நாள் நான் கையில் ஏந்திக் கொடுத்தேன், குடித்தது. இப்போது என் கையில் மட்டும்தான் குடிக்கிறது. உன்னைத் தேடுவதில்லை. நீ கவலைப்பட வேண்டாமென்று எழுதுகிறேன்.

வேறு என்ன எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. நர்சம்மா காத்திருக்கிறாள்.

அதற்கு நான் பதில் அனுப்பவில்லை. அதன் பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் அட்டை போனது, வந்தது.

பவன் பெரிய குதிரையானான். தில்வாடா குதிரைச் சந்தைக்கு அத்தான் அவனைக் கொண்டுபோனால் எங்கெங்கிருந்தோ பெட்டைக் குதிரைகளைச் சேர்க்க ஓட்டிவருவார்கள். இன்றைக்கும் அந்தத் தொண்டைச் சுழி உள்ள குதிரைக்குக் கேத்தான் வம்சம் என்றுதான் பெயர். சந்தையில் எவனாவது அப்படிச் சொல்லும்போது நான் வேறு பக்கம் போய்விடுவேன். கேசரி குட்டியை யாரும் கேட்கவில்லை. நானே ஏறிப் போனேன், வந்தேன், அது கிழடாகும் வரை. அச்சுப் புத்தகம் பெரிய ஊர்க் கடைகளில் கண்ணாடிக்குள் இருக்கிறதாம். கடைசிப் பக்கத்தைத் திறந்துதான் வைத்திருப்பார்களாம்.

நூருதீன் உஸ்தா புத்தகம் வருவதற்கு முன்பே போனார். பண்டாரி போனார். மூல்சந்த் சேட் கல்லாவில் உட்கார்ந்தபடியே போனார். ராஜா போனார். அந்த நர்சம்மாவும் இல்லை என்றார்கள். கேத்தான் அத்தான் போன சித்திரையில் போனார்; தோள் கொடுத்தேன். சுழியைச் சொன்னது யார் என்று அவரிடம் கடைசிவரை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் அவர் இல்லை. என்னை விட்டால், அந்த வருஷத்து ஆட்களில் இன்னும் உயிரோடு இருப்பது சாயர்.